கட்டிய பொதியும் மூலநிரலும்: பழவேற்காடு கேட்க வேண்டிய கேள்வி

மீன்பிடிப் படகுகளுக்கான தகவல் தொடர்பு, உதவித் திட்டத்தை 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் பால்கரில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தார். ரூ.364 கோடி மதிப்பிலான அத்திட்டத்தின் கீழ், 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் உள்ள 1 லட்சம் படகுகளில் 'டிரான்ஸ்பாண்டர்' கருவி படிப்படியாகப் பொருத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பத்தில் இயங்கும் இக்கருவி, செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கும் கரைக்கும் இடையே இருவழித் தொடர்பை ஏற்படுத்துகிறது. மீனவர் தம் கைப்பேசிச் செயலியை அதனுடன் இணைத்துச் செய்திகளைப் படிக்கலாம். ஆபத்து நேர்ந்தால் தாமும் செய்தி அனுப்பலாம்.

இத்தகைய கருவியின் தேவை குறித்து இரு கருத்து இருக்க முடியாது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகு எடுக்கப்பட்ட முயற்சிகளின் தொடர்ச்சியாக இதனைக் கருதலாம்.

பழவேற்காட்டு மீனவர்களுக்கும் இது முக்கியமானது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு, தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவானது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கோரைக்குப்பம் போன்ற கிராமங்களின் மீனவர்கள் ஏரியிலும், முகத்துவாரத்தைக் கடந்து கடலிலும் தொழில் செய்கிறார்கள். புயல் எச்சரிக்கை ஒருபுறம் இருக்க, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவப்படும் நாள்களில் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பும் அவர்களுக்கு வரும். ஒரு செய்தி சரியாக வருவதும் வராமல் போவதும் அவர்களுக்கு உயிர்ப் பிரச்னை. குறைந்தபட்சம் ஒரு நாள் வருமானப் பிரச்னை.

இந்த இடத்தில் நாம் பொதுவாகக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கருவியின் பெட்டியும் ஆன்டெனாவும் கண்ணுக்குத் தெரிகின்றன. அதை இயக்கும் மென்பொருளை யார் எழுதினார்கள், யார் கட்டினார்கள், பழுதானால் யார் திருத்த முடியும்? கணினி உலகில் இது அரை நூற்றாண்டு காலமாக நடந்துவரும் விவாதம். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களைப் பயன்படுத்துவோர் 'மூலநிரலிலிருந்து நிறுவுவதா, கட்டிவைத்த பொதியை நிறுவுவதா' என்று அதனைக் குறிப்பிடுவார்கள். தொழில்நுட்பர்களின் உள்வீட்டு விவாதம்போலத் தோன்றும் அது, உண்மையில் ஒரு பொருளாதாரக் கேள்வி.

மூலநிரல் என்பது மனிதர் படிக்கக்கூடிய வடிவில் எழுதப்பட்ட கட்டளைகளின் தொகுப்பு. கணினி அதனை அப்படியே இயக்காது. 'கம்பைலர்' என்னும் தொகுப்பி அதனை எந்திர மொழிக்கு மாற்றித்தர வேண்டும். மூலநிரலைப் பெற்றுத் தம் கணினியிலேயே இந்த மாற்றத்தைச் செய்து நிறுவிக்கொள்வது ஒரு வழி. வேறொருவர் ஏற்கெனவே மாற்றிக் கட்டிவைத்த பொதியைப் பெற்று நிறுவிக்கொள்வது மற்றொரு வழி. நம் கைப்பேசியில் நாம் நிறுவும் ஒவ்வொரு செயலியும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவாக இயங்குவது லினக்ஸ். எனவே பழவேற்காட்டு மீனவரின் சட்டைப் பையில் இருப்பதும் யுனிக்ஸ் வகைக் கணினியே.

வலையை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். ஒரு காலத்தில் பருத்தி நூலைக் கொண்டு மீனவக் குடும்பங்கள் வலையை வீட்டிலேயே பின்னின. நைலான் வந்தபின் ஆலையில் பின்னிய வலை கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. அதனை வெட்டி, கயிற்றில் கோத்து, மிதவையும் ஈயக்குண்டும் கட்டி, இறாலுக்கு ஒரு விதமாகவும் மடவைக்கு ஒரு விதமாகவும் அமைத்துக்கொள்வது மட்டுமே இன்றைய மீனவரின் வேலை. நூலிலிருந்து தொடங்கவில்லை என்பதற்காக யாரும் அவரைக் குறைத்து மதிப்பிடுவதில்லை. ஆனால், வலை கிழிந்தால் கரையில் உட்கார்ந்து அவரே சரிசெய்துகொள்கிறார். வலையின் கண் அளவு எவ்வளவு, நூலின் தடிமன் எவ்வளவு என்பது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. ஆலை வலையை வாங்கியதால் அவர் அறிவை இழந்துவிடவில்லை.

மென்பொருளிலும் இதே வேலைப்பிரிவினை நடந்தது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் பிறந்தபோது, அதன் உரிமையாளரான ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், 1956-ஆம் ஆண்டின் சட்டத் தீர்வு ஒன்றின் காரணமாகத் தொலைபேசித் துறைக்கு வெளியே வணிகம் செய்ய முடியாத நிலையில் இருந்தது. எனவே, பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில் மூலநிரலுடனேயே யுனிக்ஸ் வழங்கப்பட்டது. ஒரு தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தும் திருத்தியும் கட்டியும் கற்றுக்கொண்டார்கள். 1980-களில் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டு வணிகத் தடை நீங்கியபோது, அந்தக் கதவு சாத்தப்படத் தொடங்கியது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினக்ஸ் வந்தது. 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டம், தன்னார்வலர்களே மூலநிரலைப் பொதியாகக் கட்டி, கையொப்பமிட்டு, உலகுக்கு வழங்கும் முறையை உருவாக்கியது. 2023 ஜூன் மாதம் வெளியான அதன் 12-ஆம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன.

பொருளாதார நோக்கில் பொதி முறையின் மேன்மை வெளிப்படை. பெரிய இணைய உலாவி ஒன்றை மூலநிரலிலிருந்து கட்டச் சாதாரண மடிக்கணினிக்குப் பல மணி நேரம் ஆகும். ஒரு லட்சம் பேர் அதே வேலையைத் தனித்தனியே செய்வது நேரத்தையும் மின்சாரத்தையும் வீணாக்குவதாகும். ஒருவர் ஒருமுறை கட்டினால் எல்லோருக்கும் போதும். அதைவிட முக்கியமானது பராமரிப்பு. பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு கூறில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால், பொதி முறையில் அந்த ஒன்றைத் திருத்தி அனுப்பினால் பெரும்பாலான மென்பொருள்கள் சீராகிவிடும். தாமே கட்டி நிறுவியவருக்கு அந்தத் திருத்தம் தானாக வராது. செய்தியைக் கவனித்து மீண்டும் கட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. ஆர்வத்தில் கட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவோரின் கணினிகள் காலப்போக்கில் ஓட்டைப் படகுகளாகிவிடுகின்றன.

அப்படியானால் மூலநிரல் எதற்கு? நம்பிக்கைக்காக. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார் சந்தையை உதாரணம் காட்டி ஓர் உண்மையை விளக்கியது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, தரமற்ற பொருள் தரமானதைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும். மூடிய பொதி அத்தகைய பொருள். உள்ளே என்ன இருக்கிறது என்பது கட்டியவருக்கு மட்டுமே தெரியும்.

இதன் கொடிய வடிவத்தை நம் மக்கள் நாள்தோறும் சந்திக்கிறார்கள். போக்குவரத்து அபராதம் என்றும், விவசாயிகளுக்கான உதவித்தொகை என்றும் சொல்லி வாட்ஸ்ஆப்பில் அனுப்பப்படும் செயலிக் கோப்புகள் யாரோ கட்டிய பொதிகளே. அவற்றை நிறுவியவர்களின் வங்கிக் கணக்கு காலியாகிறது. இதைக் காரணம் காட்டித்தான், அடையாளம் சரிபார்க்கப்பட்ட உருவாக்குநர்களின் செயலிகளை மட்டுமே ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நிறுவ அனுமதிக்கும் திட்டத்தை 2025 ஆகஸ்ட் மாதம் கூகுள் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தபின், அனுபவமுள்ள பயனர்களுக்கு மாற்றுவழி தரப்படும் என்று கூறியது. மோசடியைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால், கட்டியவர் யார் என்று தெரிவதும், அவர் எதைக் கட்டினார் என்று தெரிவதும் வெவ்வேறு. முதலாவது கிடைத்தால் இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக நினைப்பது பிழை.

அந்தப் பிழையின் விலையை 2024 மார்ச் மாதத்தில் உலகம் உணர்ந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள 'எக்ஸ்இசட்' என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று இருந்தது. 'ஜியா டான்' என்ற பெயரில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் அதைச் செருகியிருந்தார். ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் தொலைநிலை உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிச் சென்றதால் அது வெளிப்பட்டது.

இதில் நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது, நஞ்சு வைக்கப்பட்ட இடம். எல்லோரும் பார்க்கக்கூடிய மூலநிரல் களஞ்சியத்தில் அதைத் தூண்டிவிடும் வரிகள் இல்லை. வெளியீட்டுக்காகத் தயாரித்த தொகுப்பில் மட்டும் இருந்தன. டெபியன் வகையிலோ ரெட்ஹேட் வகையிலோ பொதியாகக் கட்டும்போது மட்டும் அது விழித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதாவது, மூலநிரலுக்கும் பொதிக்கும் இடைப்பட்ட வழியில் திருடன் ஒளிந்திருந்தான். யுனிக்ஸின் தந்தையருள் ஒருவரான கென் தாம்ப்சன், 1984-இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் இதே இடத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார். மூலநிரல் தூயதாகவே இருந்தாலும், அதைக் கட்டும் தொகுப்பி கறைபட்டிருந்தால், விளையும் பொதியும் கறைபட்டதாகும் என்பது அவர் எச்சரிக்கை.

ஆகவே மூலநிரலா, பொதியா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பயன் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று உருவாகும் வழி திறந்திருக்கிறதா, இன்னொருவர் அதே வழியில் நடந்து அதே பொதியைப் பெற முடிகிறதா என்பதே கேட்கத்தக்கது. 'மீளுருவாக்கத்தக்க கட்டுமானம்' என்ற பெயரில் டெபியன் உள்ளிட்ட திட்டங்கள் கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக இதற்காக உழைத்துவருகின்றன. ஒரே மூலநிரலை இருவர் தனித்தனியே கட்டினால், இரு பொதிகளும் ஓர் எழுத்தும் மாறாமல் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் எங்கோ தவறு உள்ளது என்று பொருள். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை ஒவ்வோர் உறுப்பினரும் தணிக்கை செய்வதில்லை. ஆனால், பேரேடு திறந்திருப்பதாலும், வேறொருவர் கூட்டிப் பார்த்தாலும் அதே தொகை வருவதாலும் எல்லோரும் நம்புகிறார்கள்.

இந்த அளவுகோலைப் பொதுப் பணத்தில் வாங்கும் மென்பொருளுக்குப் பொருத்திப் பார்ப்போம். மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை, அரசுத் துறைகள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்கிறது. அதைத் தவிர்க்கும் ஒப்பந்ததாரர் காரணம் கூற வேண்டும். அரசுச் செயலிகளின் மூலநிரலைத் திறந்துவைப்பதற்கான கொள்கையும் அதே ஆண்டில் வந்தது. 2020-இல் கோடிக்கணக்கானோர் நிறுவிய 'ஆரோக்கிய சேது' செயலியின் ஆண்ட்ராய்டு மூலநிரல், செயலி வெளியாகி ஏறத்தாழ எட்டு வாரங்களில் வெளியிடப்பட்டது. நல்ல முன்னுதாரணம்தான். ஆயினும், வெளியிட்ட மூலநிரலும் மக்களின் கைப்பேசியில் உள்ள பொதியும் ஒன்றே என்பதை மூன்றாம் தரப்பினர் கட்டிப் பார்த்து உறுதிசெய்யும் ஏற்பாடு இருந்தால்தான் அந்த வெளிப்படைத்தன்மை முழுமை பெறும்.

தமிழகத்துக்கு இத்துறையில் அனுபவம் இல்லாமல் இல்லை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' லினக்ஸ் இயங்குதளத்தை 2007-இல் வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது பழவேற்காடு அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அத்திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு முடிவுக்கு வந்தபோது, அரசு அலுவலகங்களில் பாஸ் லினக்ஸை நிறுவுமாறு தமிழக அரசு அறிவுறுத்தியது. ஆனால், பொதியை வழங்கிய அளவுக்குப் பொதி கட்டும் கலையை நாம் கற்பிக்கவில்லை. கேரளம் தன் பள்ளிகளுக்கான இயங்குதளத்தைத் தன் கல்வித் துறையின் 'கைட்' நிறுவனம் வாயிலாகத் தானே வடிவமைத்துக்கொள்வதையும், ஆசிரியர்களுக்கு அதில் தொடர்ந்து பயிற்சி அளிப்பதையும் இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, படகில் ஏறும் மென்பொருளுக்கு வருவோம். வானிலைச் செய்தியில் ஒரு சொல் மீனவருக்குப் புரியும்படி இல்லை என்று வைத்துக்கொள்வோம். 'வடகிழக்குத் திசையிலிருந்து 35 நாட் வேகத்தில்' என்று எழுதுவதற்குப் பதிலாக, வாடை, கொண்டல், கச்சான் என்று கடற்கரையில் வழங்கும் காற்றின் பெயரையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கலாம். எழுத்து சிறிதாக இருப்பதால் வெயிலில் படிக்க முடியாமல் போகலாம். மூலநிரல் கையில் இருந்து, கட்டத் தெரிந்தவர் அருகில் இருந்தால், இவை சில நாள் வேலை. பொதி மட்டும் இருந்தால், விண்ணப்பம் எழுதி, எங்கோ உள்ள ஒப்பந்ததாரரின் அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்து அவர் விலகிவிட்டால், நல்ல நிலையில் உள்ள கருவியும் வெறும் பெட்டியாகிவிடும்.

ஆகவே மூன்று நடவடிக்கைகள் தேவை. முதலாவதாக, பொதுப் பணத்தில் படகுகளுக்கு வழங்கப்படும் கருவி, செயலி ஆகிய இரண்டின் மூலநிரலும், அவற்றைக் கட்டும் முறையும், அதற்குத் தேவையான கருவிகளின் பட்டியலும் அரசிடம் முழுமையாக ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் நிபந்தனையாக இடம்பெற வேண்டும். இயன்றவரை அவை பொதுவெளியிலும் வைக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, சி-டாக் போன்ற ஒரு நிறுவனமும் ஒரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனியே கட்டிப் பார்த்து, ஒத்திருக்கின்றன என்று அறிவித்த பின்னரே அது மீனவருக்கு அனுப்பப்பட வேண்டும்.

மூன்றாவதாக, கட்டும் திறன் கடற்கரைக்கு அருகில் வளர வேண்டும். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி உள்ளது. அரசு கலைக் கல்லூரியும் உள்ளது. பழவேற்காட்டிலிருந்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சென்று படிக்கும் தொலைவில்தான் இரண்டும் உள்ளன. அங்கு ஆண்டுக்கு இருபது மாணவர்கள் மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பொதியாகக் கட்டவும் கற்றால்கூடப் போதும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. கணினியுடன் இந்தக் கல்வியும் சேர்ந்தால்தான் அந்தச் செலவு முதலீடாகும்.

மூலநிரலைத் திறந்தால் கடத்தல்காரர்களும் பகைவர்களும் பயன்படுத்திக்கொள்வார்கள் என்ற ஆட்சேபம் எழும். கடல் எல்லை சார்ந்த கருவி என்பதால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால், இதற்கான விடையை அகுஸ்த் கெர்க்காஃப்ஸ் 1883-ஆம் ஆண்டிலேயே தந்துவிட்டார். பூட்டின் அமைப்பு பகைவனுக்குத் தெரிந்தாலும், சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் பூட்டு நிற்க வேண்டும். கருவிகளின் இரகசியக் குறியீடுகளைப் பாதுகாத்துக்கொண்டே மூலநிரலைத் திறந்துவைக்க முடியும். அமைப்பை மறைப்பதால் மட்டுமே பாதுகாப்பாக இருக்கும் கருவி, உண்மையில் பாதுகாப்பற்றது.

பொதுச் சொத்தை விதிமுறையுடன் பகிர்வது பழவேற்காட்டுக்குப் புதிதன்று. ஏரியின் மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறை அங்கு தலைமுறைகளாக வழங்கிவருகிறது. அதன் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு என்பது அதன் பெருங்குறை. எனினும், யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது எல்லோர் முன்னிலையிலும் முடிவாவதே அதன் வலிமை. 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், உலகெங்கும் உள்ள இத்தகைய ஏற்பாடுகளை ஆராய்ந்து, பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் அதன் விதிகளை வகுப்பதிலும் கண்காணிப்பதிலும் பங்கேற்கும்போதே அது நிலைக்கிறது என்று காட்டினார்.

பொதுப் பணத்தில் எழுதப்படும் மென்பொருளும் ஒரு பொதுவளமே. மீனவர் அனைவரும் நிரலாளராக வேண்டியதில்லை. கட்டிய பொதியையே அவர்கள் நிறுவிக்கொள்ளட்டும்; அதுவே அவர்களுக்கு ஏற்றது. ஆனால், அந்தப் பொதி எதிலிருந்து, எப்படி, யாரால் கட்டப்பட்டது என்று கேட்கும் உரிமையும், விடையைச் சரிபார்த்துச் சொல்ல அருகிலேயே ஆள்களும் அவர்களுக்கு இருக்க வேண்டும். கருவிகள் படகுகளில் ஏறிக்கொண்டிருக்கும் இந்த வேளையிலேயே அதற்கான நிபந்தனைகளை எழுதிவிடுவது எளிது. 1 லட்சம் படகுகளிலும் பொருத்தி முடித்த பின் கேட்டால், விடை சொல்ல ஒப்பந்ததாரர் இருக்க மாட்டார்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).